கொழும்பில் இரண்டு நாள்: புறக்கோட்டையை ஞாயிறு காட்டுவதா, வேலை நாளில் காட்டுவதா?

வெள்ளவத்தை_அக்கா:

கனடாவில் இருந்து அண்ணா குடும்பம் வருகிறது. யாழ்ப்பாணம் போக முன் கொழும்பில் இரண்டு முழு நாள் எங்களோடு நிற்பார்கள். அண்ணா, அண்ணி, மகளுக்கு 17 வயது, மகனுக்கு 13.

நான் வெள்ளவத்தையில் 21 வருடமாக இருக்கிறேன். ஆனால் ‘கொழும்பில் என்ன காட்டலாம்’ என்று யோசித்தால் காலிமுகத்திடலும் கங்காராம விகாரையும் வாயில் வருகின்றன, அதோடு சரி. கேட்ட ஆட்கள் எல்லோரும் ஒரே பதில்தான்: “கொழும்பில் என்ன இருக்கு, கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.” கண்டிக்குப் போய்வந்தால் ஒரு நாள் ரோட்டிலேயே முடிந்துவிடும்.

அண்ணாவுக்கு முழங்கால் நோ, நெடுக நடக்க ஏலாது. பிள்ளைகளுக்குக் கோயில் ஒன்றோடு போதும். கடைத்தொகுதி வேண்டவே வேண்டாம், அது டொரொண்டோவிலும் இருக்கிறது. யோசனை சொல்லுங்கள்.

மலைக்காற்று:

காலிமுகத்திடல், பின்னேரம் ஐந்து மணி. அதற்கு மேல் கொழும்பில் ஒன்றும் இல்லை, அக்கா. கண்டிக்கே போங்கள்.

பழைய_கிளாக்கர்:

தங்கச்சி, ‘ஒன்றும் இல்லை’ என்கிறவர்கள் பஸ் யன்னலால் மட்டும் கொழும்பைப் பார்த்தவர்கள். நான் கோட்டையில் 34 வருடம் வேலை செய்தவன்.

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கோட்டை என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, கோட்டை எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கோட்டை இல்லை. போர்த்துக்கேயர் கட்டியதை 1656இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1796இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரத்துக்கு இடம் போதாது என்று ஆங்கிலேயரே மதிலை இடித்துவிட்டார்கள். காலியில் மதில் மேல் நடக்கலாம். கொழும்பில் மதில் நின்ற இடத்தில் பஸ் ஓடுகிறது. அதனால் காலியை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். இங்கே பார்க்க இருப்பது தெருக்கள்தான்.

கொச்சிக்கடையில் தொடங்கிக் கோட்டையில் முடியுங்கள். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், இடையில் ஓட்டோ பிடித்தால் அண்ணாவின் முழங்காலும் தப்பும்.

முதலில் பொன்னம்பலவாணேசர் கோயில். தகப்பனார் கட்டிய கோயிலைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடங்கி 1912 வரை முழுக்கக் கருங்கல்லில் திரும்பக் கட்டுவித்தார். வெளியே துறைமுகத்து லொறிகள் உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே கால் வைத்தால் குளிர்ந்த கல், எண்ணெய் வாசம், அரை இருட்டு. பிள்ளைகளுக்கு ஒரு கோயில் போதும் என்றால் அந்த ஒன்று இதுவாக இருக்கட்டும்.

அங்கிருந்து செட்டியார் தெரு. இரண்டு பக்கமும் நகைக்கடை, நடுவில் கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் திருவிழாவுக்கு வேல் புறப்பட்டுப் பம்பலப்பிட்டிக்குப் போவது இங்கிருந்துதான். நகை வாங்கும் எண்ணம் இல்லாவிட்டால் அண்ணியைச் சற்று வேகமாக நடத்திக் கூட்டிப் போங்கள்.

பிறகு வுல்பெண்டால் மேட்டில் ஒல்லாந்தர் தேவாலயம். 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தார்கள். சுவர் ஏறக்குறைய ஐந்து அடி தடிப்பு. சுவரை விடுங்கள், நிலத்தைப் பாருங்கள். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்தின் கல்லறைக் கற்களை 1813இல் இங்கே கொண்டுவந்தார்கள், ஒல்லாந்து ஆளுநர்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. ஊர்ப் பெயருக்குப் பொருள் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையில் ஏது ஓநாய்? நரியைப் பார்த்துவிட்டுப் பெயர் வைத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள்.

சிவப்புப் பள்ளிவாசலைப் பற்றி அந்தத் தெரு ஆட்கள் எழுதட்டும். கோட்டைக்குள் வந்தால் 1906இல் கட்டிய கார்கில்ஸ் கட்டடம், மணிக்கூட்டுக் கோபுரம், ஒல்லாந்தர் வைத்தியசாலை. வைத்தியசாலை 1681இலேயே இருந்தது. 2011 கடைசியில் அதை உணவகங்களும் கடைகளுமாக மாற்றினார்கள். முற்றத்தில் கதிரை போட்டு உட்காரலாம்.

ஞாயிறு காலை ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்கு முடியும். ஞாயிறுதான் போகவேண்டும். வேறு நாளில் போனால் முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது.

இரண்டாம்_குறுக்கு_நானா:

ஐயா சொன்ன பாதை சரி, நாள் பிழை. ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டைக் கடைத்தெருக்களுக்குக் கூட்டிப் போவது, கலியாணத்துக்கு மறுநாள் போய்ப் பந்தலைப் பார்ப்பது போல.

வேலை நாளில் வாருங்கள். முதலாம் குறுக்குத்தெருவில் மின்சாமான். எங்கள் தெருவில் துணி. நாலாம் குறுக்குத்தெருவில் வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய், கருவாடு என்று மொத்த வியாபாரம். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று மூக்கு சொல்லிவிடும். கபோஸ் லேனில் மூலிகைக் கடைகள், அதற்குள் நுழைந்தால் தும்மாமல் வெளியே வர முடியாது. நடுவில் நாட்டாமிமார், அதாவது சாமான் வண்டி இழுக்கிறவர்கள். இரண்டு ஆள் உயரத்துக்கு மூட்டை அடுக்கிக்கொண்டு குரல் கொடுத்தபடியே வருவார்கள். ஒதுங்காவிட்டால் குதிகாலில் சில்லு ஏறும்.

சிவப்புப் பள்ளிவாசலைச் சொல்கிறேன். ஜாமிஉல் அல்பார் என்பது பெயர், பழைய ஆட்கள் சம்மாங்கோட்டுப் பள்ளி என்பார்கள். தோணியில் வந்து வியாபாரம் செய்த தென்னிந்திய முஸ்லிம்கள் சம்மான்காரர். அவர்களின் பள்ளி இது. 1908இல் தொடங்கி 1909இல் முடித்தார்கள். வரைந்து கொடுத்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. அவர் கட்டடக்கலை படித்தவர் அல்ல, வியாபாரிகள் கொடுத்த படங்களைப் பார்த்து வரைந்தார் என்பார்கள். சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக, மேலே மாதுளங்காய் மாதிரிக் குவிமாடங்கள். கடலில் வருகிற கப்பல்காரர்கள் இதை வைத்துத்தான் துறைமுகத்தை அடையாளம் பிடித்தார்கள் என்று எங்கள் வாப்பா சொல்வார்.

தொழுகை நேரம் தவிர்த்து வந்தால் உள்ளே பார்க்கலாம். பெண்கள் தலைக்குச் சால்வை எடுத்து வரவேண்டும், உடுப்பு கால்வரை இருக்கவேண்டும். வெள்ளி மதியம் மட்டும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. முழுப் பள்ளியும் படத்தில் விழவேண்டும் என்று பின்பக்கமாக நடக்காதீர்கள். தெரு ஒடுக்கம். அப்படி நடந்த வெள்ளைக்காரர் ஒருவர் நாட்டாமி வண்டியில் மோதி மூட்டைக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். என் கடையில் வைத்துப் பிளேன்டீ கொடுத்தேன். போகும்போது இரண்டு சாரம் வாங்கிக்கொண்டு போனார்.

பழைய_கிளாக்கர்:

நானா, அவர்கள் பந்தலைப் பார்க்கத்தான் வருகிறார்கள். கலியாணக் கூட்டத்துக்குள் நின்றால் பந்தல் தெரியாது.

இரண்டாம்_குறுக்கு_நானா:

கலியாணம் இல்லாத பந்தல் எதற்கு, ஐயா?

கொட்டாஞ்சேனைக்காரி:

இரண்டு பேரும் ஞாயிறா திங்களா என்று சண்டை பிடிக்கிறீர்கள், கழிவறை எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை. அக்கா, நான் சொல்கிறேன்: கொச்சிக்கடையில் இருந்து கோட்டை வரை சுத்தமான கழிவறை கிடைப்பது கஷ்டம். வீட்டில் போய்விட்டுப் புறப்படுங்கள். ஒல்லாந்தர் வைத்தியசாலைப் பக்கம் வந்துவிட்டால் பிரச்சினை இல்லை. இன்னொன்று, பத்து மணிக்குப் பிறகு வெயில் மட்டும் இல்லை, புழுக்கம். கனடாப் பிள்ளைகள் துவண்டு போவார்கள். செவ்விளநீர் கண்ட இடத்தில் வாங்கிக் கொடுங்கள்.

அப்புறம், ஐயா அந்தோனியாரை விட்டுவிட்டீர்களே! பொன்னம்பலவாணேசரில் இருந்து நடக்கிற தூரத்தில்தானே இருக்கிறது. அங்கே கத்தோலிக்கர் மட்டும் வருவதில்லை. செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள், பொட்டு வைத்தவர்கள், வெள்ளைச் சேலை பௌத்தப் பெண்கள் எல்லோரும் மெழுகுதிரியோடு வரிசையில் நிற்பார்கள். என் பக்கத்து வீட்டு மாமி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, அதே கையோடு அந்தோனியாரிடமும் ஒரு விண்ணப்பம் போட்டு வருவார். எது பலித்தது என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

பழைய கதை ஒன்றும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. மறைந்து திரிந்த ஒரு குருவானவரிடம், கடல் கரையை அரிக்கிறது, நிறுத்தினால் உங்களைக் காப்பாற்றுகிறோம் என்று மீனவர்கள் கேட்டார்களாம். அவர் கரையில் சிலுவையை நட்டுச் செபித்தார், கடல் பின்வாங்கியது என்பார்கள். அந்தக் கரையில்தான் கோயில்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த இடங்களில் இதுவும் ஒன்று. இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை, அவர்களே வாசிக்கட்டும். எனக்குத் தெரிந்த பெயர்கள் அதில் இருக்கின்றன. பைகளைச் சோதிப்பார்கள், முகம் சுளிக்க வேண்டாம்.

சென்னைப்_பையன்:

இலங்கை நண்பர்கள் நடுவில் ஒரு சென்னைக்காரன் நுழைகிறேன், மன்னிக்கவும். போன வருஷம் கொழும்பில் சரியாக இரண்டு நாள்தான் இருந்தேன். தெருக்கள், கடற்கரை எல்லாம் எங்கள் ஜார்ஜ் டவுனும் மெரினாவும் மாதிரிதான் தெரிந்தது. கொழும்பு ஆட்கள் கோபிக்கக் கூடாது. என்னை நிறுத்திவைத்தது ஒரு கல்.

தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. மூன்றும் ஒரே வாசகத்தின் மொழிபெயர்ப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கேதான் விஷயமே. சீனத்தில் எழுதியது புத்தருக்குக் கொடுத்த காணிக்கை. பாரசீகத்தில் இஸ்லாமுக்கு. தமிழில் எழுதியது தேனாவரை நாயனாருக்கு, அதாவது இலங்கையின் தென்முனையில் தெவிநுவரவில் கோயில் கொண்டிருந்த திருமாலுக்கு. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி என்று போகிறது காணிக்கைப் பட்டியல். மூன்று சாமிக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. யாருக்கும் கோபம் வரக்கூடாது என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறார் மனிதர்.

கல் 1911இல் காலியில் ஒரு மதகில் கிடந்து கிடைத்ததாம். பாரசீகப் பகுதி ரொம்பத் தேய்ந்துவிட்டது. தமிழை நாமே படித்துவிடலாம் என்று குனிந்தேன், பத்து நிமிஷத்தில் கழுத்து வலிதான் மிச்சம். 600 வருஷத்துக்கு முன்னால் சீனாவில் இருந்து ஒரு கப்பல் கூட்டம் புறப்படுகிறது, அதில் வைக்கிற கல்லில் தமிழும் இருக்கவேண்டும் என்று யாரோ முடிவு செய்கிறார். அங்கேயே ஒரு மணி நேரம் போனது. கூட வந்த நண்பன் கண்டி அரசரின் சிம்மாசனத்தைப் பார்த்துவிட்டு வந்து, ‘இன்னும் இங்கேயே நிற்கிறாயா’ என்று திட்டினான்.

ஒன்று: வெளிநாட்டவருக்கு டிக்கெட் பல மடங்கு. உள்ளூர் விலையைப் பார்த்த பிறகு வயிறு எரியும். ஆட்டோவுக்குச் செயலியில் கூப்பிடுங்கள், தெருவில் பேரம் பேசி நான் தோற்றேன்.

இரண்டாம்_குறுக்கு_நானா:

தம்பி கல்லைச் சொன்னார், கட்டடத்தை நான் சொல்கிறேன். ஆளுநர் கிரெகரி காலத்தில் 1877 ஜனவரி முதலாம் திகதி திறந்தது. கட்டிக்கொடுத்தவர் எங்கள் அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார். என்ன வெகுமதி வேண்டும் என்று ஆளுநர் கேட்க, வெள்ளிக்கிழமையில் அருங்காட்சியகத்தை மூடி வையுங்கள், அது போதும் என்றாராம். வெகுகாலம் வெள்ளியில் மூடித்தான் இருந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை இது.

வெள்ளவத்தை_அக்கா:

ஐயோ, இவ்வளவா! 21 வருடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று மகள் கேட்கிறாள்.

அந்தக் கல் ஒன்றே அண்ணாவுக்குப் போதும். பிரச்சினை டிக்கட்தான். “நான் பருத்தித்துறையில் பிறந்தவன், எனக்கு எதற்கு வெளிநாட்டு டிக்கட்” என்று கவுண்டரில் நின்று அரை மணித்தியாலம் வாதாடக்கூடிய ஆள். பிறந்த இடம் இலங்கை என்று கடவுச்சீட்டில் இருந்தால் உள்ளூர் விலைக்குத் தருவார்களா?

பழைய_கிளாக்கர்:

தங்கச்சி, இரட்டைக் குடியுரிமையும் இலங்கை அடையாள அட்டையும் இருந்தால் காட்டட்டும். இல்லாவிட்டால் காசைக் கட்டச் சொல்லுங்கள். கவுண்டரில் இருக்கும் பிள்ளை விலையை வைக்கவில்லை.

மலைக்காற்று:

நான் பகிடிக்கு எழுதினேன், எல்லோரும் புத்தகமே எழுதிவிட்டீர்கள். சரி, காசு இல்லாதவன் கொழும்பை எப்படிப் பார்ப்பான் என்று நான் சொல்கிறேன். ஹட்டனில் இருந்து வந்து பதினோரு வருடம். கிழமையில் ஒரு நாள்தான் லீவு. அன்றைக்கு என் செலவு ஒரு மூன்றாம் வகுப்பு டிக்கட்.

கோட்டை நிலையத்தில் தெற்கே போகிற ரயிலில் ஏறுங்கள். வலது பக்க யன்னல், இதை மறக்கவேண்டாம். கொள்ளுப்பிட்டியில் இருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று கல்கிசை வரை கடல் கூடவே வரும். தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் கருங்கல் மட்டும்தான். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேல் பருவக்காற்றுக் காலம், அலை பெரிது, முகத்தில் தூவானம் அடிக்கும். மார்கழி, தையில் கடல் குளம் போலக் கிடக்கும். குளிக்கிற ஆசை இருந்தால் அந்த மாதங்களில் கல்கிசையில் இறங்கிக் குளிக்கலாம், பருவக்காற்றில் வேண்டாம். வேலை முடிகிற நேரத்தில் மட்டும் ஏறாதீர்கள், யன்னல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

காலிமுகத்திடலுக்கு வருகிறேன். ஐந்து மணிக்குப் போய் ஏழு மணி வரை இருங்கள். பட்டம், குழந்தைகள், குடைக்குள் காதலர்கள். இஸ்ஸோ வடை கட்டாயம். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பதை வாங்காமல், சட்டியில் இருந்து எடுக்கும் வரை நின்று வாங்குங்கள். மேலே வெங்காயம், மிளகாய்த்தூள், தேசிக்காய். இறாலின் தலையையும் சாப்பிடலாம், கனடா ஆட்கள் எடுத்து எறிவார்கள், விடாதீர்கள்.

யாராவது தானாக வந்து கதை கொடுத்து, ‘இன்றைக்கு மட்டும் விகாரையில் பெரஹெர, யானை ஊர்வலம், என் ஓட்டோவில் வாருங்கள்’ என்றால் சிரித்துவிட்டு நடங்கள். போனால் யானை இருக்காது, மாணிக்கக் கடைதான் இருக்கும்.

என் அம்மாவை முதல் தடவை அங்கேதான் கூட்டிப் போனேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து 56 வயது வரை கடலைப் பார்க்காதவர். கால் நனைக்கவே இல்லை. ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, “இதுக்கு அந்தப் பக்கம் என்னடா” என்று கேட்டார். இந்தியா என்றேன். பிறகு படத்தில் பார்த்தால், நேரே மேற்கே போனால் மாலைதீவுப் பக்கம்தான் வருகிறது. அம்மாவிடம் இன்னும் திருத்திச் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் வந்த பக்கத்தைப் பார்த்துவிட்டேன் என்று ஊரில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.

பழைய_கிளாக்கர்:

மலைக்காற்றுத் தம்பி, கண்டிக்குப் போ என்ற ஆளா இது!

திடலில் ஒரு கல் இருக்கிறது, வடை வாங்கும் அவசரத்தில் யாரும் வாசிப்பதில்லை. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் இந்த நடைபாதையைத் தொடங்கி 1859இல் முடித்தார். முடித்தவர், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று தனக்குப் பின்னால் வருகிற ஆளுநர்களுக்குக் கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போனார். கோட்டையில் மணிக்கூட்டுக் கோபுரத்தை வரைந்தது அவருடைய மனைவி. அது 1857. பத்து வருடம் கழித்து அதே கோபுரத்தின் உச்சியில் கலங்கரை விளக்கை ஏற்றினார்கள். மணியும் காட்டி வழியும் காட்டிய கோபுரம். பிறகு சுற்றிவரக் கட்டடங்கள் உயர்ந்துபோய்க் கப்பலுக்கு வெளிச்சம் தெரியவில்லை, 1952இல் விளக்கைக் கடற்கரைக்கு மாற்றினார்கள். இப்போது நடுத்தெருவில் நிற்கிற கலங்கரை விளக்கம்.

அந்தக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு பெரிய கட்டட வளவுக்குள் குட்டி அறை ஒன்று காட்டுவார்கள், கடைசிக் கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனை அடைத்து வைத்த சிறை என்று. நம்பவேண்டாம். 1815இல் பிடிபட்ட அரசனை இங்கே ஒரு வீட்டில் குடும்பத்தோடு வைத்திருந்து, 1816 ஜனவரியில் வேலூருக்குக் கப்பல் ஏற்றினார்கள். அந்த அறைக்குள் அரசன் நீட்டிப் படுக்கவே இடம் காணாது. 34 வருடம் மதியச் சாப்பாட்டுக்கு அதைக் கடந்து போயிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல்.

கொட்டாஞ்சேனைக்காரி:

மகளுக்கு 17 என்றால் 2022ஐப் பற்றிக் கேட்பாள், அக்கா. அரசாங்கத்துக்கு எதிராகப் போராடிய ஆட்கள் காலிமுகத்திடலில் மூன்று மாதத்துக்கு மேல் கூடாரம் போட்டு இருந்தார்களே. அதற்கு ஒரு நினைவுக் கல்லும் இல்லை, நீங்கள்தான் இடத்தைக் காட்டவேண்டும்.

வெள்ளவத்தை_அக்கா:

சின்னவனுக்குத் தாமரைக் கோபுரம் வேண்டுமாம். கைத்தொலைபேசியில் பார்த்திருக்கிறான். கொடுக்கிற காசுக்குப் பெறுமா?

மலைக்காற்று:

பெறாது. கீழே நின்று பார்க்கக் காசு இல்லை.

சென்னைப்_பையன்:

எனக்குப் பிடித்தது. 350 மீட்டர் உயரக் கோபுரம், பொதுமக்களுக்கு 2022 செப்டம்பரில்தான் திறந்தார்கள். மேலே ஏறினால்தான் ஊரின் கணக்கு புரிகிறது: துறைமுகம், பேரை வாவி, கடலைத் தூர்த்து 269 ஹெக்டேரில் போட்ட துறைமுக நகரம் எல்லாம் ஒரே பார்வையில். காலையில் சீனர் கொண்டுவந்த கல், மாலையில் சீனக் கடனில் கட்டிய கோபுரம். செங் ஹோ பார்த்தால் சந்தோஷப்படுவார்.

பழைய_கிளாக்கர்:

வாவிக்கு நடுவில் சீமா மாலக விகாரை இருக்கிறதே, ஜெஃப்ரி பாவா வரைந்தது, அதில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கோபுரமும் தெரியும், காற்றும் வரும். என் வாக்கு அதற்கு.

வெள்ளவத்தை_அக்கா:

(ஒன்பது நாள் கழித்து)

அண்ணா குடும்பம் நேற்று யாழ்ப்பாணம் போனது. நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஞாயிறும் இல்லை, வேலை நாளும் இல்லை. சனிக்கிழமை போனோம். ஐயாவும் நானாவும் மன்னிக்கவேண்டும். ஆறே முக்காலுக்குக் கோயிலில் நின்றோம். கருங்கல்லில் வெறுங்காலோடு நடந்ததும் சின்னவன் சத்தம் போடாமல் வந்தான், அதுவே பெரிய காரியம். அந்தோனியார் கோயிலில் மகள் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். நடுவில் ஒரு குடும்பத்தின் பெயர்கள் வரிசையாக வந்தன. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கைத்தொலைபேசியை எடுக்கவில்லை.

வுல்பெண்டால் மேட்டில் ஏற அண்ணாவின் முழங்கால் விடவில்லை. ஓட்டோவில் போயிருக்கலாம், அவருக்கு ரோஷம். ‘கீழே இருந்தே பார்த்தாயிற்று’ என்று சொல்லிவிட்டார். அதை விட்டுவிட்டோம்.

எட்டரைக்குச் சிவப்புப் பள்ளி. கடைகள் அரைவாசி திறந்து அரைவாசி பூட்டி இருந்தன. பந்தலும் தெரிந்தது, கலியாணமும் தொடங்கியிருந்தது. பள்ளிக்குள் ஒரு பெரியவர் தமிழிலேயே எல்லாம் விளங்கப்படுத்தினார். அண்ணி படம் எடுக்கப் பின்பக்கமாக நடந்தார். நானா, சத்தியமாக நான் சொல்லித்தான் இருந்தேன். மோதவில்லை, ஆனால் வண்டிக்காரர் சரியாகப் பேசினார். அண்ணா மன்னிப்புக் கேட்க, அவர் சின்னவனைக் கூப்பிட்டு, ‘இழுத்துப் பார்’ என்று கைபிடியைக் கொடுத்தார். எங்கள் வீரர் முழுப் பலத்தையும் போட்டார், வண்டி ஒரு அங்குலம் அசையவில்லை. தாமரைக் கோபுரமும் கூட்டிக்கொண்டு போனோம், ஏறி இறங்கினோம். யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசியில் அப்பம்மாவிடம் அவன் சொன்னது அந்த வண்டியைத்தான்.

ரயில் தோல்வி. சனி மதியம் சரியான சனம். வலது பக்கம் நின்றோம், யன்னலோரம் இல்லை. ஒருவரின் அக்குளுக்குக் கீழால் கடலைப் பார்த்தோம். இஸ்ஸோ வடை அண்ணி நான்கு சாப்பிட்டார், தலையோடு. ஒரு வருத்தமும் வரவில்லை.

ஞாயிறு அருங்காட்சியகம். கவுண்டரில் நான் பயந்தபடி அண்ணா பர்ஸைத் திறந்தார். உள்ளே இருந்து 1984இல் எடுத்த பழைய அடையாள அட்டை ஒன்று வந்தது. மூலை கிழிந்து, மீசை அரும்பாத முகத்தோடு. இவ்வளவு காலமும் அதைக் கனடாவில் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார், அண்ணிக்கே தெரியாது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்ப உள்ளே வைத்துவிட்டு நான்கு வெளிநாட்டு டிக்கட் எடுத்தார். ஒன்றும் கதைக்கவில்லை. கல்லுக்கு முன்னால் நாற்பது நிமிடம் நின்றார். கழுத்து நோ அவருக்கும் வந்தது, சென்னைத் தம்பி.

பழைய_கிளாக்கர்:

சனிக்கிழமையா! இரண்டு பேரையும் ஒன்றாகத் தோற்கடித்துவிட்டீர்கள். வுல்பெண்டாலை விட்டதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

வெள்ளவத்தை_அக்கா:

அதற்குத்தான் எழுதுகிறேன், ஐயா. வருகிற கிழமை நான் தனியே வந்து அந்த மேட்டில் ஏறப் போகிறேன். அப்படியே நாலாம் குறுக்குத்தெருவில் செத்தல் மிளகாயும் வாங்கவேண்டும். நானா, எந்த நாள் நல்லது?

இரண்டாம்_குறுக்கு_நானா:

செவ்வாய், புதன் நல்லது. பத்து மணிக்கு முன் வாருங்கள். இரண்டு கிலோவுக்குக் குறைய என்றால் மொத்தக் கடையில் திரும்பியும் பார்க்க மாட்டார்கள், என் கடையில் சொல்லுங்கள், பையனை அனுப்புகிறேன்.

கொட்டாஞ்சேனைக்காரி:

செவ்வாய் என்றால் அந்தோனியாருக்கும் வரலாம். வரும்போது ஒரு தகவல் போடுங்கள், அக்கா. கழிவறைக்கு எங்கள் வீடு இருக்கிறது.